உருவமில்லாச் சிற்பம் பொருள் தருமா?

மனிதன் கல்லைச் செதுக்கத் தொடங்கிய நாள்முதல், பார்ப்பவன் கேட்டுவந்த முதற்கேள்வி ஒன்றே: “இது எது?” யானையைச் செதுக்கினால் யானை என்று அறிந்துகொள்வான்; மன்னனை வார்த்தால் மன்னன் என்று தெரிந்துகொள்வான். அவ்விடை கிடைத்த பின்னரே அழகைப் பாராட்டுவான். குறையிருந்தால் அதனையும் சொல்லுவான். இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு சிற்பமுறையோ இம்முதற்கேள்விக்கே விடைதர மறுத்துவிட்டது. வளைந்த எஃகுத் தகடு, நடுவே துளையிட்ட கல், மெருகேறிய வெண்கலத் தண்டு என்று அது பலவாறாக நிற்கிறது. எவருடைய சாயலும் அதில் இல்லை; எப்பொருளையும் அது ஒத்திருப்பதில்லை. இதனையே அரூபச் சிற்பம் என்று அழைக்கின்றோம்.

இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றில் இத்தகைய சிற்பங்களைக் காணலாம். அவற்றைக் கடந்து செல்வோரில் கலை பயின்றவர் மிகச் சிலரே. ஏனையோர் வேலைக்குச் செல்வோர், கடைத்தெருவுக்குச் செல்வோர், பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்வோர். இச்சாமானியர்களுக்கு அச்சிற்பங்களால் ஏதேனும் பொருள் உண்டா? அன்றி, அவை கற்றோர் சிலர் தமக்குள் பேசிக்கொள்ளும் பரிபாஷைதானா?

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. “பாமரனுக்குச் சுவையுணர்ச்சி இல்லை, அவன் குறைக்குச் சிற்பம் என்ன செய்யும்?” என்பது ஒன்று. “புரியாததைப் புரிந்ததுபோல் நடிக்கும் ஏமாற்று வித்தை இது” என்பது மற்றொன்று. இரண்டுமே ஆராயும் உழைப்பைத் தவிர்ப்பதற்காகப் பிறந்தவை. இவற்றை விடுத்து வரலாற்றைக் கேட்போமாயின், அது வேறொரு விடையைத் தருகின்றது.

சுங்கத்துறையில் ஒரு பறவை

ருமேனியாவில் பிறந்து பாரிஸ் நகரில் வாழ்ந்த சிற்பி கான்ஸ்டன்டின் பிராங்குசி. அவர் வடித்த வெண்கலச் சிற்பம் ஒன்று 1926ஆம் ஆண்டு கப்பலேறி நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது. ‘விண்ணில் பறவை’ என்பது அதற்கு அவர் இட்ட பெயர். ஆனால் அதில் சிறகு இல்லை; அலகு இல்லை; இறகும் இல்லை. மேல்நோக்கி எழும் மெல்லிய தண்டு போன்ற ஒரு வடிவம், கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருந்தது. அவ்வளவே.

அமெரிக்கச் சட்டப்படி கலைப்பொருளுக்குத் தீர்வை கிடையாது. சுங்க அதிகாரிகளோ இதனைக் கலைப்பொருள் என்று ஏற்க மறுத்தனர். சமையற்கூடத்திலும் மருத்துவமனையிலும் பயன்படும் கருவிகளின் வரிசையில் இதனைச் சேர்த்து, விலையில் நூற்றுக்கு 40 பங்கு தீர்வை விதித்தனர். அவர்களை முற்றிலும் குறைகூறவும் இயலாது. இயற்கைப் பொருள்களைப் போன்று செய்யப்பட்டதே சிற்பம் என்னும் கருத்துடைய தீர்ப்பொன்று 1916ஆம் ஆண்டிலேயே அங்கு வழங்கப்பட்டிருந்தது.

வழக்கு நீதிமன்றம் ஏறியது. சிற்பத்தை விலைக்கு வாங்கியிருந்த புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் சாட்சிக் கூண்டில் நின்றார். இதனைக் காட்டில் கண்டால் பறவையென்று எண்ணிச் சுடுவீரா என்னும் பொருள்பட அவரிடம் வினவப்பட்டது. கேட்போருக்கு நகைப்பூட்டும் வினாதான், எனினும் தெருவில் நடப்பவன் கேட்கும் “இது எது?” என்னும் கேள்வியே அங்கு நீதிமன்றத்தின் உடை அணிந்து வந்தது. 1928ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்புக் கிடைத்தது. புலப்படும் பொருள்களைப் பின்பற்றாது கருத்துகளை வடிக்க முயலும் புதிய கலைப்பிரிவு ஒன்று தோன்றியிருக்கிறது. நமக்கு அது உவப்பாயினும் அன்றாயினும் அது இருப்பதை மறுக்கலாகாது என்னும் கருத்தினை நீதிபதிகள் வெளியிட்டனர். தீர்வை நீங்கியது.

அரூபச் சிற்பமும் கலையே என்று சட்டம் அன்று ஒப்புக்கொண்டது. ஆயினும், ஒரு பொருள் கலையா அன்றா என்று கூறுவது நீதிபதியால் இயலும். அது பார்ப்பவன் உள்ளத்தில் பேசுமா என்று கூறுவது அவரால் இயலாது. நமது கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சொல்லும் அமைப்பும்

இவ்விடத்தில், சிற்பத்தோடு தொடர்பற்றதாகத் தோன்றும் பழைய ஆராய்ச்சி ஒன்று நமக்குத் துணையாகின்றது. அரபு அணியியல் கற்போர் ‘லஃப்ளு’, ‘மஃனா’ என்னும் இரு சொற்களை ஓயாது எதிர்கொள்வர். நாவில் எழும் சொல்லுருவம் லஃப்ளு. அது சுட்டும் கருத்து மஃனா. ஓர் உரையின் சிறப்பு இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது என்று அறிஞர் பெருமக்கள் நெடுங்காலம் வாதிட்டனர். ஹிஜ்ரி 471இல், அதாவது கி.பி. 1078இல் மறைந்த இமாம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி (ரஹ்) அவர்கள் ‘தலாயிலுல் இஃஜாஸ்’ என்னும் தமது நூலில் இவ்வாதத்திற்குப் புதுவழி கண்டார்கள். தனித்து நிற்கும் சொல்லுக்குச் சிறப்பென்று ஒன்றில்லை. சொல்லோடு சொல் இணைந்து நிற்கும் ‘நழ்ம்’ என்னும் அமைப்பிலேயே சிறப்புப் பிறக்கின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒரே சொல் ஓரிடத்தில் உள்ளத்தைக் கவரும். பிறிதோரிடத்தில் அதே சொல் காதுக்குப் பாரமாகும்.

அரூபச் சிற்பத்தையும் தனித்து நிற்கும் ஒரு சொல்லாகக் கருதிப் பார்ப்போம். அது நிற்கும் இடம், அது நிறுத்தப்பட்ட காரணம், அதனை நாடிவரும் மக்கள், அவர்கள் வரும் நாள், வந்து செய்யும் செயல் ஆகியவை அதனோடு சேரும் ஏனைய சொற்கள். இவையனைத்தும் கூடினால் ஒரு வாக்கியம் பிறக்கும். கூடாவிடின், அகராதியிலிருந்து கிழித்தெடுத்த சொல்லைப்போல் அது தனித்துக் கிடக்கும். சாமானியனுக்குச் சிற்பம் விளங்கவில்லையென்றால், குறை அவன் கண்ணில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. வாக்கியம் முற்றுப்பெறாமலும் இருக்கலாம்.

உருவமில்லா வடிவம் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. பள்ளிவாசலின் மிஹ்ராபைச் சிற்பம் என்று நாம் சொல்லவில்லை. எனினும் வடிவம் என்னும் அளவில் அது சுவரில் அமைந்த வெற்று மாடமே. அதனை எதனோடும் ஒப்பிட்டு “இது எது?” என்று எவரும் கேட்பதில்லை. எழுத்தறியாத கிழவரும் அதன் பொருளை அறிவார்: கிப்லா இத்திசையில் உள்ளது. அம்மாடம் தன் வளைவினால் மட்டும் அப்பொருளைப் பெறவில்லை. அதன்முன் அணிவகுக்கும் ஸஃபுகளாலும், நாள்தோறும் ஐவேளை நடைபெறும் தொழுகையாலும் பெற்றது. வடிவமும் வழக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போது, எவ்வுருவும் தேவைப்படாமலேயே பொருள் துலங்குகின்றது. இந்த அளவுகோலைக் கொண்டு மூன்று நகரங்களை நோக்குவோம்.

நியூயார்க்: வழிமறித்த எஃகு

நியூயார்க் நகரில் அரசு அலுவலகங்கள் சூழ்ந்த திறந்தவெளி ஒன்று உண்டு. அங்கு நிறுவுவதற்கென 1979இல் அமெரிக்க அரசின் பொதுச்சேவை நிர்வாகம் சிற்பி ரிச்சர்ட் செர்ராவிடம் ஒரு சிற்பத்தை வேண்டியது. 1981இல் அது நிலைபெற்றது. ‘சாய்ந்த வில்’ என்பது அதன் பெயர். 120 அடி நீளம், 12 அடி உயரம் கொண்ட எஃகுச் சுவர் ஒன்று சற்றே சாய்ந்து, வளைந்து, திறந்தவெளியை இரண்டாகப் பிளந்து நின்றது. வெயிலிலும் மழையிலும் அதன் மேற்பரப்பு துருநிறம் கொள்ளும். அதுவே சிற்பி விரும்பியது. ஆன செலவு 1,75,000 டாலர்.

சிற்பியின் நோக்கத்தில் ஆழம் இல்லாமல் இல்லை. நடப்பவன் தன் நடையை உணரவேண்டும்; அடியெடுத்து வைக்குந்தோறும் இடம் மாறித் தோன்றுவதைக் கவனிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் அத்திறந்தவெளியை அன்றாடம் கடந்து வேலைக்குச் செல்வோரோ வேறொன்றை உணர்ந்தனர். நேரே சென்ற இடத்துக்குச் சுற்றிச் செல்லவேண்டியதாயிற்று. நண்பகலில் உணவுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்த இடத்தில் சுவர் முளைத்துவிட்டது. எதிர்ப்பு எழுந்தது. 1985 மார்ச்சில் பொது விசாரணை நடைபெற்றது. 180 பேர் பேசினர். அவர்களுள் 122 பேர் சிற்பம் இருக்கட்டும் என்றனர். 58 பேர் அகற்றுக என்றனர். இருக்கட்டும் என்றோரில் ஓவியரும் சிற்பிகளும் கலைத்துறையினரும் மிகுதி. ஆயினும் விசாரணைக் குழுவில் ஐவருள் நால்வர் அகற்றுவதையே பரிந்துரைத்தனர். நீதிமன்றப் போராட்டங்களுக்குப் பின்னர், 1989 மார்ச் 15ஆம் நாள் இரவில் அச்சுவர் துண்டாக்கப்பட்டு எடுத்துச் செல்லப்பட்டது.

இதனைப் பாமரரின் வெற்றி என்று கொண்டாடுவோர் உண்டு. கலையின் படுகொலை என்று வருந்துவோரும் உண்டு. நாம் காண்பது இரண்டுமன்று. அவ்விடத்தில் உழைத்த மக்களுக்கும் அச்சிற்பத்திற்கும் இடையே எட்டாண்டுகளில் ஒரு பொதுச்செயல் கூட உருவாகவில்லை. அதன்முன் கூடி நிற்க அவர்களுக்கு ஒரு நாள் இல்லை; ஒரு நினைவும் இல்லை. தங்கள் இடத்தில் எது வரவேண்டும் என்று அவர்களை முன்கூட்டிக் கலந்துகொண்டதாகவும் அவர்கள் உணரவில்லை. உரக்கச் சொல்லப்பட்ட ஒரு சொல்லாக அது நின்றது, வாக்கியம் ஆகவில்லை.

ஜித்தா: வழிகாட்டிய வடிவங்கள்

அடுத்து நாம் காணும் நகரம் நம் ஹாஜிகள் பலருக்குப் பழக்கமான ஜித்தா. எண்ணெய் வருவாயால் அந்நகரம் அளவிறந்து விரிந்த காலத்தில், 1972 முதல் அதன் மேயராகப் பணியாற்றியவர் முஹம்மத் ஸயீத் ஃபார்ஸி. அலெக்ஸாண்டிரியாவில் கட்டடக் கலை பயின்றவர். புதிதாகப் போடப்பட்ட சாலைகள் கூடுமிடங்களிலும், செங்கடலை ஒட்டிய கடற்கரைச் சாலையிலும் சிற்பங்களை நிறுத்த அவர் முனைந்தார். ஹென்றி மூர், அலெக்ஸாண்டர் கால்டர், ஜோன் மிரோ, ஜான் ஆர்ப் போன்ற மேனாட்டுச் சிற்பிகளின் படைப்புகளும் அரபுக் கலைஞர்களின் படைப்புகளும் நகரமெங்கும் இடம்பெற்றன. அவற்றின் எண்ணிக்கை நானூறுக்கும் மேல் என்பர்.

உயிருள்ளவற்றின் சிலைகளைப் பொதுவிடத்தில் நிறுத்துவதை மார்க்க அறிஞர்கள் ஏற்காத நாடு அது. ஆகையால் உருவமில்லாச் சிற்பத்திற்கு அங்கு வாயில் தானாகவே திறந்தது. ஐரோப்பாவில் மரபை உடைப்பது என்று பேசப்பட்ட கலை, ஜித்தாவில் மரபோடு இசைந்து குடியேறியது. வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

சாமானியர் அவற்றை எவ்வாறு ஏற்றனர்? ஸ்பானியக் கட்டடக் கலைஞர் ஹூலியோ லஃபுவெந்தே அமைத்த மாபெரும் மிதிவண்டி ஒன்று அந்நகரச் சாலைவட்டத்தில் நிற்கிறது. அவ்விடத்தின் பெயரே ‘மிதிவண்டி ரவுண்டானா’ என்று ஆகிவிட்டது. மிதிவண்டி அரூபம் அன்று, பார்த்தவுடன் விளங்குவது, ஆகவே உடனே பெயர் பெற்றது. அரூபப் படைப்புகளோ மெல்ல மெல்லவே பழகின. “இன்ன வடிவம் நிற்கும் இடத்தில் திரும்பு” என்று வழிசொல்ல அவை உதவின. மாலைக் காற்று வாங்க வரும் குடும்பங்கள் அவற்றின் அடியில் பாய் விரித்து அமர்ந்தன. பிள்ளைகள் சுற்றி ஓடினர். கடலின் உப்புக்காற்றில் சிதைந்தவற்றுள் இருபது படைப்புகள் சீர்செய்யப்பட்டு, 2014இல் கடற்கரையில் திறந்தவெளிச் சிற்பக்கூடமாக அமைக்கப்பட்டன.

இங்கு விளைந்தது நியூயார்க்கில் விளைந்ததன்று. சிற்பம் எவர் வழியையும் மறிக்கவில்லை, வழியைக் காட்டியது. எனினும் இதனை முழுமையான பொருள் என்று சொல்லவும் தயங்கவேண்டியிருக்கிறது. ஓர் ஊரின் அடையாளமாதல் ஒன்று. ஒரு மக்களின் நெஞ்சில் பொருளாதல் மற்றொன்று. அடையாளம் கண்ணுக்குப் பழகியதால் வருவது. பொருளோ அதனினும் விலையுயர்ந்தது. அந்த விலையைக் கொடுத்த நகரம் ஒன்று உண்டு.

டாக்கா: தலைகுனிந்த தாய்

1948 மார்ச்சில் டாக்காவிற்கு வந்த முஹம்மது அலி ஜின்னா, உருதுவே பாகிஸ்தானின் ஆட்சிமொழியாக இருக்கும் என்று அறிவித்தார். அந்நாட்டு மக்களுள் பாதிக்கு மேற்பட்டோரின் தாய்மொழி வங்காளம். அவர்களுட் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கலிமாவை அவர்கள் எவரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. தாய்மொழியையும் விட்டுக்கொடுக்க இசையவில்லை. 1952 பிப்ரவரி 21ஆம் நாள், தடையுத்தரவை மீறித் திரண்ட மாணவர்மீது டாக்கா மருத்துவக் கல்லூரி விடுதியருகே காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. அபுல் பர்கத், ரஃபீகுத்தீன், அப்துல் ஜப்பார் முதலிய இளைஞர்கள் உயிர்நீத்தனர். மறுநாளும் உயிர்கள் பலியாயின. 1938இலும் 1965இலும் மொழிக்காகப் போராட்டம் கண்ட தமிழ் மக்களுக்கு இச்செய்தியின் வெம்மையை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

துப்பாக்கிச்சூடு நிகழ்ந்த இடத்தில், மருத்துவமனை விரிவுக்கெனக் குவித்து வைத்திருந்த செங்கல்லையும் சிமெண்டையும் கொண்டு, பிப்ரவரி 23 இரவில் மாணவர்களே ஒரு தூணை எழுப்பினர். ஏறத்தாழப் பத்தடி உயரம். அதில் சிற்பத்திறன் எதுவுமில்லை; துயரம் ஒன்றே இருந்தது. பிப்ரவரி 26ஆம் நாள் காவல்துறை அதனை இடித்துத் தள்ளியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மக்கள் அவ்வெற்றிடத்திற்கே மலரோடு வந்தனர்.

1956இல் பாகிஸ்தானின் அரசியல் சட்டம் உருதுவோடு வங்காளத்தையும் ஆட்சிமொழியாக ஏற்றது. நிலையான நினைவுச்சின்னத்திற்கும் அவ்வாண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு வடிவம் தந்தவர் ஓவியர் ஹமீதுர் ரஹ்மான். அவரோடு உழைத்தவர் நொவேரா அஹ்மத். வங்கதேசத்தின் நவீனச் சிற்பக்கலைக்கு முன்னோடியாக விளங்கிய பெண்மணி அவர். அச்சின்னத்தில் அவருக்குள்ள பங்கு நெடுங்காலம் உரிய அளவில் பேசப்படவில்லை. 1997இல் அந்நாட்டின் உயரிய விருதாகிய ‘ஏகுஷே பதக்’ அவருக்கு வழங்கப்பட்டது; 2015இல் பிரான்சில் காலமானார்.

அவ்விருவரும் உயிர்நீத்த மாணவர்களின் முகங்களை வார்க்கவில்லை. துப்பாக்கியையோ குருதியையோ காட்டவில்லை. ஐந்து வெண்ணிறச் சட்டங்கள், அவ்வளவே. நடுவில் உயர்ந்து நிற்பது மேற்பகுதியில் முன்னோக்கி வளைந்து குனிந்திருக்கிறது. இருமருங்கிலும் இவ்விரண்டாக, உயரம் குறைந்த நான்கு சட்டங்கள் நிற்கின்றன. நடுவில் இருப்பவள் தாய். சூழ நிற்போர் அவள் மக்கள். முகமில்லை, கையில்லை, கண்ணுமில்லை. குனிந்த அந்த ஒரு வளைவுதான் அவளைத் தாயாக்குகிறது. சட்டங்களில் கண்வடிவான வண்ணக் கண்ணாடிகளைப் பதிப்பதும், அவை வீசும் ஒளியும் நிழலும் சலவைக்கல் தரையில் நகர்ந்து செல்வதும் முதல் திட்டத்தில் இருந்தன. 1957 நவம்பரில் வேலை தொடங்கியது. 1958 அக்டோபரில் இராணுவச் சட்டம் வந்ததும் நின்றது. பின்னர் திட்டத்தைச் சுருக்கி முடித்தனர். 1963 பிப்ரவரி 21இல் அதனைத் திறந்துவைத்தவர் அமைச்சரல்லர், தளபதியல்லர். உயிர்நீத்த அபுல் பர்கத்தின் தாயார் ஹசீனா பேகம். கற்சட்டத் தாயின்முன் மகனை இழந்த தாய் நின்ற அந்நாளில், ‘இது எது?’ என்னும் கேள்விக்கு இடமேது?

ஷஹீத் மினார் என்று மக்கள் அதனை அழைக்கின்றனர். ஆண்டுதோறும் பிப்ரவரி 21இல் வைகறைப் பொழுதில் வெறுங்காலோடு அணிவகுத்து வருகின்றனர். மாணவரும் கடைக்காரரும் குழந்தையை இடுப்பில் ஏந்திய பெண்களும் வருகின்றனர். மலர் வைப்பது குறித்து ஆலிம்களிடையே மாற்றுக் கருத்து உண்டு. அது தனியே ஆராயவேண்டிய பொருள். நாம் இங்குக் கருதுவது மற்றொன்று. நினைவுச்சின்னம் இல்லாத சிற்றூர்களில் பிள்ளைகள் வாழைத்தண்டுகளையும் மூங்கிலையும் நட்டுத் தாமே ஒரு மினாரை அமைக்கின்றனர். ஒரு சிற்பம் சாமானியனுக்கு விளங்கிற்றா என்பதை அறிய இதனினும் சிறந்த சோதனை உண்டோ? ஐந்து கோடுகளில் அதனை வரையத் தெரிந்த குழந்தைக்குக் கலைவிமரிசகரின் விளக்கவுரை தேவையில்லை.

அதன் பொருளை நேசித்தவர்கள் மட்டும் அறிந்திருக்கவில்லை, வெறுத்தவர்களும் அறிந்திருந்தனர். 1971 மார்ச் இறுதியில் பாகிஸ்தான் இராணுவம் டாக்காவில் தாக்குதல் தொடங்கியபோது அம்மினாரையும் தகர்த்தது. இடிந்து கிடந்த இடத்தில் ‘பள்ளிவாசல்’ என்று எழுதிய பலகையை நட்டது. அல்லாஹ்வின் இல்லத்திற்குரிய பெயரை, இடித்த செயலை மறைக்கும் திரையாகப் பயன்படுத்தியது நெஞ்சை உறுத்துகின்ற செய்தி. ஆயினும் ஒன்று தெளிவாகிறது: பொருளற்ற வெறும் கல்லின்மீது எவரும் படையை ஏவுவதில்லை. 1972 பிப்ரவரி 21இல், விடுதலை பெற்ற நாட்டின் மக்கள் இடிபாட்டின் முன்னேயே வந்து நின்றனர். 1973இல் மினார் மீண்டும் எழுந்தது, 1983இல் விரிவாக்கப்பட்டது. 1999 நவம்பர் 17இல் யுனெஸ்கோ பிப்ரவரி 21ஐ அனைத்துலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. அதே ஆண்டில் வங்காளியர் மிகுதியாக வாழும் கிழக்கு லண்டனில், அல்தாப் அலி பூங்காவில் அதே வடிவம் சிறிய அளவில் எழுந்தது.

ஓர் ஐயம்

இங்கு அறிவுடையோர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். “டாக்கா மக்களை ஈர்ப்பது நினைவுதானே? சிற்பம் எதற்கு? ஏதேனும் ஒரு கல்லை நட்டிருந்தாலும் மலர் குவிந்திருக்குமே” என்று அவர்கள் கேட்கலாம். இதில் உண்மையில்லாமல் இல்லை. 1952இன் தூணும் வெற்றிடமும் அதற்குச் சான்று. ஆயினும் அத்தூணின் வடிவத்தைக் குழந்தைகள் வரைவதில்லை. நினைவு மக்களிடம் முன்னரே இருந்தது. அந்நினைவுக்குத் தாய் என்னும் முகத்தைத் தந்தது, முகமே இல்லாத அச்சிற்பம். மொழியைத் தாய் என்று சொல்லும் வழக்கத்தை அவ்வளைவு கண்ணுக்குக் காட்டிவிட்டது. நினைவும் வடிவமும் இங்கு உயிரும் உடலுமாயின.

“ஆயினும் சாமானியன் விரும்புவது உருவத்தைத்தானே?” என்று மீண்டும் கேட்பாராயின், வாஷிங்டனில் நிகழ்ந்ததை நினைவூட்டலாம். வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்க வீரருக்கான நினைவுச்சின்னத்திற்கு 1981இல் போட்டி நடந்தது. வந்தவை 1,421 வரைவுகள். வென்றவர் மாயா லின் என்னும் 21 வயது மாணவி. நிலத்துக்குள் தாழ்ந்திறங்கும் இரு கருங்கற் சுவர்கள். அவற்றில் மாண்டோரின் பெயர்கள். வேறொன்றுமில்லை. இது வீரருக்கு இழிவு என்று சிலர் கொதித்தெழுந்தனர். அவர்களை அமைதிப்படுத்த, மூன்று வீரரின் வெண்கல உருவங்கள் 1984இல் அருகே நிறுத்தப்பட்டன. அவையும் நன்றாகச் செய்யப்பட்டவையே. ஆனால் மக்கள் தம் விரலால் தடவுவது சுவரில் உள்ள பெயரையே. காகிதத்தை வைத்துத் தேய்த்துப் பெயரைப் பிரதியெடுத்துச் செல்வதும், கடிதங்களையும் பழம்பொருள்களையும் விட்டுச்செல்வதும் அச்சுவரின் அடியிலேதான். மெருகேறிய அக்கல்லில் மகனின் பெயர்மீது தாயின் முகம் பிரதிபலிக்கிறது. மூன்று வீரரின் முகத்தில் மற்றவர் மகனைக் காணலாம். அச்சுவரிலோ ஒவ்வொருவரும் தம் மகனையே காண்கின்றனர். உருவமின்மை அங்குக் குறையாகவில்லை. ஒவ்வொருவருக்கும் இடம் தந்த விசாலமாயிற்று.

முடிவாக

ஆகவே, உருவமில்லாச் சிற்பம் சாமானியனுக்குப் பொருள் தருமா என்னும் கேள்விக்கு, ஆம் என்றும் இல்லை என்றும் ஒற்றைச் சொல்லில் விடையளிப்பது முறையாகாது. நியூயார்க்கில் அது தடையாயிற்று, ஜித்தாவில் அடையாளமாயிற்று, டாக்காவில் தாயாயிற்று. மூன்றிலும் பார்த்தவர்கள் சாமானியர்களே. அவர்களின் அறிவு நகருக்கு நகர் வேறுபட்டதால் விளைந்ததன்று இவ்வேற்றுமை. சிற்பத்தோடு அவர்களுக்கு என்ன உறவு வாய்த்தது என்பதனால் விளைந்தது.

இதிலிருந்து இரு சாராருக்கும் பாடம் உண்டு. பொதுவிடத்தில் சிற்பம் நிறுத்துவோர், மக்களுக்குச் சுவை போதாது என்று கைவிரிப்பதற்கு முன்னர், அவர்களுக்கு அதில் என்ன பங்கு வைத்தோம் என்று தம்மையே கேட்டுக்கொள்வது கடன். பார்க்கின்ற நாமும் புரியாததைப் புரிந்ததாக நடிக்கவேண்டியதில்லை. புரியாத காரணத்தாலேயே ஏமாற்று என்று தள்ளிவிடவும் வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் ஒரு புதிய வடிவத்தின்முன் நின்று “அத்தா, இது எது?” என்று கேட்கும்போது, “ஒன்றுமில்லை, வா” என்று கையைப் பிடித்து இழுத்துச் செல்லாதிருப்போமாக. “இதனை இங்கே வைத்தவர் யார்? எதற்காக வைத்தார்? இங்கு வருவோர் என்ன செய்கின்றனர்?” என்று அவர்களோடு சேர்ந்து நாமும் கேட்போம்.

விடை கிடைத்தால் அச்சொல் வாக்கியமாகும். கிடைக்காவிட்டால், இன்னும் வாக்கியத்தில் சேராத ஒரு சொல்லைக் கண்டோம் என்று கொள்வோம். அதனை நிரப்பும் உரிமை சிற்பிக்கு மட்டும் உரியதன்று. வெறுங்காலோடு வந்து நிற்கும் மக்களுக்கும் உரியது.